ராத்திரியில் அதன் பெயர் பூச்சி

பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் பாம்பு என்ற சொல் வாயில் வரக் கூடாது. கொல்லைப் பக்கம் போகிறவர்களைப் பார்த்து அப்பாயி, "பூச்சி பொட்டு கெடக்கும், டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போ" என்று குரல் கொடுப்பாள். அதே அப்பாயி பகலில் "இத்தாம் பெரிய சாரைப் பாம்பு வரப்புல ஓடுச்சு" என்று கையை விரித்துக் காட்டுவாள். விளக்கு வைத்த பிறகு மட்டும் அது பூச்சி. பெயரைச் சொன்னால், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்துவிடுமாம். இரவில் விசில் அடிக்கவும் தடை. தாழம்பூ வைத்துக்கொண்டு படுக்கவும் தடை. மன்னார்குடிக்குத் தெற்கே வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் ஊர் எங்களுடையது. அங்கே இதையெல்லாம் யாரும் மூடநம்பிக்கை என்று சொன்னதில்லை. செருப்பை வாசலில் விடுவது மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

அஞ்சுகிற ஒன்றுக்கு இதமான பெயர் வைப்பது நமக்குப் புதிதல்ல. ஊரையே காலி செய்த வைசூரிக்கு அம்மை என்று பெயர் வைத்து, "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை செருகியவர்கள் நாம். நல்ல பாம்பு என்ற பெயரும் அப்படிப் பிறந்ததுதான் என்று எனக்குத் தோன்றும். கடித்தால் ஆளைக் கொல்லும், அதற்குப் போய் நல்லது என்று பெயர். நீ நல்லவன்தானே, அப்படியே போய்விடு என்று கெஞ்சுகிற தொனி அதில் இருக்கிறது.

இந்தப் பெயர் விளையாட்டு எங்கள் வீட்டில் ஓர் ஆளின் உயிர் வரைக்கும் போய்த் திரும்பியது.

1991, புரட்டாசி மாதம். குறுவை அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடந்தது. சித்தப்பா காவலுக்குப் படுத்திருந்தார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். வைக்கோலைப் பரப்பி, மேலே கோரைப் பாயைப் போட்டுத் தூக்கம். நடு இரவில் முழங்கைக்குக் கீழே சுருக்கென்றது. கட்டெறும்பு என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். நாலு மணிக்கு வயிற்று வலி தாங்காமல் எழுந்து வீட்டுக்கு வந்தார். சித்தி சுக்குத் தட்டிக் கஷாயம் வைத்தார். குடித்ததும் வாந்தி. பழி முதல் நாள் மீன் குழம்பின் மேல் விழுந்தது.

விடியும் நேரத்தில் அவர் கண் இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். அப்புறம் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது. "ராத்திரி ஏதோ கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று அவர் சொன்னது அப்போதுதான். அப்பாயி விளக்கை எடுத்துவந்து கையைப் பார்த்தாள். வீக்கம் இல்லை, பல் பதிந்த தடம் இல்லை. "காணாக்கடியா இருக்கும்" என்றாள்.

காணாக்கடி என்பது எங்கள் பக்கத்து வைத்தியத்தில் ஒரு தனி வகை. எது கடித்தது என்று கண்ணால் காணாத கடி. அதற்குச் சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுப்பார்கள். வாய் கசந்தால் விஷம் இல்லை, இனித்தால் ஏறியிருக்கிறது என்று கணக்கு. சித்தப்பா வாயில் போட்டார். கசந்ததா இனித்ததா என்று சொல்ல முடியவில்லை, விழுங்கவே முடியவில்லை. எச்சில் கடைவாயில் வழிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் அரிசி மில்காரர் வீட்டு அம்பாசிடருக்கு ஓடினார்.

பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தவர் சிறு வயது டாக்டர், எங்கள் பக்கத்துக்காரர் இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டார். "ராத்திரி பூச்சி கடிச்சிடுச்சுங்க சார்" என்றாள் அப்பாயி. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை. பூச்சிக்கடி ஒவ்வாமை என்று எழுதி ஓர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாதான் அந்த முடிச்சை அவிழ்த்தது. "சார், இவங்க பூச்சிங்கறது பூச்சிய இல்ல. இந்தப் பக்கம் ராத்திரியில பாம்பத்தான் அப்படிச் சொல்லுவாங்க." டாக்டர் திரும்பி ஓடிவந்தார். "பாம்பா கடிச்சுது?" என்று அப்பாயியிடம் நேராகக் கேட்டார். வெயில் வந்துவிட்டது. ஆனாலும் அப்பாயி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "ஆமாங்க, அதுதான்" என்றாள்.

அந்த டாக்டரை இன்றுவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அப்பாயியையும்தான்.

கடித்தது கட்டுவிரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள், கடிபட்டவன் எட்டடி வைப்பதற்குள் விழுந்துவிடுவானாம். உண்மை அதற்கு நேர் எதிர். கட்டுவிரியன் கடித்தவர் எட்டடி என்ன, எட்டு மணி நேரம் தூங்கிக்கூட இருக்கலாம், அதுதான் ஆபத்தே. பல் மிகச் சிறியது, வலி பெரும்பாலும் இருக்காது, வீக்கமும் இருக்காது. பகலில் அதைச் சீண்டினால்கூடப் பல நேரம் உடம்பைச் சுருட்டித் தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். இருட்டியதும் அதே பாம்பு வேறு பாம்பு. எலி, பல்லி, மற்ற பாம்புகள் என்று இரை தேடி வரும் வழியில் தரையில் படுத்திருப்பவர்மேல் ஏறும், அவர் புரளும்போது கடிக்கும். கடிபட்டவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். பாம்பைப் பார்த்திருக்க மாட்டார். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுகளோடு அது போன இடம் தெரியாது. காலையில் அவரிடம் மிச்சம் இருப்பது வயிற்று வலி, தொங்கும் இமை, "ஏதோ பூச்சி" என்ற ஒரு ஞாபகம். இரவில் பெயர் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் பெரும்பாலும் இரவில் கடிக்கிற இந்தப் பாம்பும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டன என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆனால் கட்டுவிரியன் விஷயத்தில் மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. அதன் விஷம் நரம்பு முடியும் இடத்துக்குப் போய், தசைக்குச் செய்தி சொல்லும் முனையையே சிதைத்துவிடும். மருந்து ரத்தத்தில் மிச்சம் இருக்கும் விஷத்தைப் பிடிக்கும், சிதைந்த முனையைத் திருப்பித் தராது. அது தானாக வளர்ந்து வரச் சில நாள் ஆகும். அதுவரை அந்த ஆளுக்காக வேறு யாராவது மூச்சு விட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே சித்தப்பாவுக்கு மூச்சு நின்றது. கூட வந்த நர்ஸ் ரப்பர் பலூனை வைத்து அமுக்கிக்கொண்டே வந்தார். அங்கே இருந்த ஒரே இயந்திரத்தில் வேறு ஒருவர் இருந்தார். அன்று முழுக்க, இரவு முழுக்க, அப்பாவும் தாய்மாமாவும் மாறி மாறிப் பலூனை அமுக்கினார்கள். நிமிஷத்துக்கு இத்தனை தடவை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பா வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தாராம். மறுநாள் மத்தியானம் இயந்திரம் கிடைத்தது. நாலாவது நாள் சித்தப்பாவின் கால் விரல் அசைந்தது.

அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அத்தனை நாளும் அவருக்கு நினைவு தப்பவே இல்லை என்பது. கண் திறக்க முடியாது, விரல் அசைக்க முடியாது, ஆனால் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. இந்தக் கடியில் அப்படி நடப்பதுண்டு என்றும், பார்ப்பவர்கள் மூளைச்சாவு என்று நினைத்துவிடக்கூடும் என்றும் டாக்டர்கள் சொன்னார்கள். தாய்மாமா "முடிஞ்சிடுச்சு மாப்ள, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்று அப்பாவிடம் சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு வருஷம் மாமாவோடு பேசவில்லை. அவர் பலூன் அமுக்கியதும் தெரியும்தானே என்று கேட்டால், "தெரியும். அமுக்கிக்கிட்டேதான்டா சொன்னாரு" என்பார். சித்தப்பா அப்போது அதிகம் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. வெளியே மழைச் சத்தம் கேட்டதாம், களத்து நெல்லை யார் மூடியிருப்பார்கள் என்று.

அதற்குப் பிறகு பாம்புகளின் பெயர்களைச் சேகரிப்பது எனக்கு ஒரு பைத்தியமாக ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பெயருக்குள்ளும் யாரோ ஒருவர் சரியாகப் பார்த்த ஒன்றும், யாரோ ஒருவர் பயந்து கட்டிவிட்ட ஒன்றும் சேர்ந்தே கிடக்கின்றன. கண்ணாடி விரியன் என்று பெயரிட்டவர் அதன் முதுகில் சங்கிலி போல ஓடும் வட்டங்களை நிதானமாகப் பார்த்திருக்கிறார். சுருட்டை விரியன் சுருண்டு செதிலோடு செதிலை உரசி, ரம்பம் அறுப்பது போலச் சத்தம் எழுப்புவதை இன்னொருவர் கவனித்திருக்கிறார். ஆனால் கொம்பேறி மூக்கன் பாவம். கடித்துவிட்டு, செத்தவன் சிதை எரிகிறதா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்குமாம். மரத்திலேயே வாழ்ந்து ஓணானும் தவளையும் தின்கிற, மனிதனுக்கு விஷமே இல்லாத ஒல்லிப் பாம்பு அது. மரத்தில் ஏறுகிறது என்பது மட்டும் நிஜம். மிச்சமெல்லாம் நாம் எழுதிய திரைக்கதை.

சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைவதைப் பார்த்தால் அதன்மேல் புது வேட்டியைப் போட்டு எடுத்து வைத்துக்கொள்வார்கள், அதிர்ஷ்டம் வரும் என்று. எங்கள் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு வேட்டி பெட்டியில் இருந்தது. அப்படிப் பிணைவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், பெண்ணுக்காகவோ இடத்துக்காகவோ போடுகிற மல்யுத்தம். அந்த வீட்டு அண்ணனிடம் இதைச் சொன்னேன். "சண்டைன்னா என்னடா, ஜெயிச்சவனோட ராசியும் அதுல இருக்கும்ல" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பழைய கவிகளின் கண் எனக்குப் பிடிக்கும். குறுந்தொகை 158இல் ஔவையார் இடியைச் சொல்லும்போது "நெடுவரை மருங்கின் பாம்புபட இடிக்கும்" என்கிறார். மலைப் பக்கத்தில் பாம்பு செத்து விழும்படி இடிக்கிற இடி. இன்றும் நாம் இடி கேட்ட நாகம் போல என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பாம்புக்குத்தான் காதே இல்லையே என்று பள்ளியில் படித்தவர்கள் சிரிப்பார்கள். வெளிக்காது இல்லை, சரி. ஆனால் உள்காது உண்டு. தாடை எலும்பு வழியாகத் தரையின் அதிர்வு அதற்குப் போகிறது, காற்றில் வரும் தாழ்ந்த சுருதி ஒலியும் ஓரளவு எட்டுகிறது. அடிவயிற்றைக் கலக்குகிற இடி அந்த வகை ஒலிதான். பாம்பு இடிக்குச் சாவதில்லை. ஆனாலும், மகுடி இசைக்கு மயங்கி ஆடுகிறது என்று நம்பிய நம்மைவிட, இடியைப் பாம்போடு சேர்த்த அந்தக் கவி உண்மைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறார். மகுடி வாசிக்கும்போது பாம்பு பார்த்துக்கொண்டிருப்பது அசைகிற குழாயையும் கையையும்.

புற்றுக்குப் பால் ஊற்றுவது பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை வரும். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாம்புக்குப் பால் உணவு இல்லை. புற்றும் அது கட்டியதில்லை, கரையான் கட்டியது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிகொண்ட கதை என்று பழமொழியே சொல்கிறது. ஆனால் அரச மரத்தடியில் மஞ்சள் பூசிய நாகர் கல்லைச் சுற்றி வரும் பெண்களைப் பார்த்து எனக்குச் சிரிக்கத் தோன்றியதில்லை. வயல்காட்டில் எலியைத் தின்று நெல்லைக் காக்கிற, சட்டையை உரித்துவிட்டு மறுபடி பளபளவென்று வருகிற ஒன்றிடம் பிள்ளை வரம் கேட்பதில் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. நாகர்கோவில் நாகராஜா கோயிலில் மண்ணையே பிரசாதமாகத் தருகிறார்கள். பாம்புக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதே நாம்தான் வீட்டுக்குள் நல்ல பாம்பு வந்தால் அடித்துவிட்டு, வாயில் பால் விட்டு, காசு வைத்து எரிக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இறங்கினேன். அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர்களுக்குப் பாம்புத் தோல்தான் பிழைப்பு. அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல் பையாகவும் செருப்பாகவும் வெளிநாடு போனது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1976இல் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் அடுப்பு அணைந்தது. கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர் அவர்களோடு சேர்ந்து 1978இல் இந்தச் சங்கத்தை உருவாக்கினார். தோலுக்குப் பதில் விஷம். பாம்பைக் கொல்ல வேண்டியதில்லை.

தாழ்வான மணல் தரை. வரிசையாக மண்பானைகள், வாயில் பருத்தித் துணி கட்டியிருந்தது. ஒவ்வொரு பானைக்குள்ளும் பாம்பு. ஒருவர் கண்ணாடி விரியனைக் கொக்கியால் தூக்கி வெளியே எடுத்தார். குக்கர் ஆவி விடுவது போல அது சீறியது, முன்வரிசைப் பையன்கள் பின்வரிசைக்கு வந்துவிட்டார்கள். தலையைப் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டிய சவ்வைக் கடிக்க வைத்தார். மஞ்சளாகச் சில துளி. அவ்வளவுதான். மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு முறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். மறுபடி மாட்டினால் அடையாளம் சொல்லும். விஷத்தை உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தால் அதுதான் விஷமுறிவு மருந்து. சித்தப்பாவுக்குள் போனதும் ஏதோ ஒரு குதிரையின் தயவுதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து அளந்து விடுவதில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் பிடித்த பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்துதான் பெரும்பாலும் நாடு முழுக்கப் போகிறது. ஒரே இனப் பாம்புக்குக்கூட ஊருக்கு ஊர் விஷம் மாறும். மேற்கு ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ கடிபட்டவருக்கு இங்கத்திய மருந்து அவ்வளவு பலமாக வேலை செய்வதில்லை.

காட்சி முடிந்த பிறகு அந்தப் பெரியவரிடம் எனக்கு வெகுநாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். "அண்ணே, நீங்க ராத்திரியில அதோட பேரைச் சொல்லுவீங்களா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கட்டுவிரியன் புடிக்கிறதே ராத்திரியிலதான் சார். பேரைச் சொல்லாம கூட வர்றவனுக்கு எப்படிக் காட்டுறது?" இதே இருளர்களில் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017இல் புளோரிடா சதுப்புக் காட்டுக்குப் போய், அங்கே பெருகித் தொல்லை கொடுத்த பர்மா மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

2020இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள், பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில். அரசாங்கப் பதிவில் இருந்த எண்ணிக்கை இதில் ஒரு சிறு பகுதிதான். வீட்டிலேயே இறந்தவர்கள் கணக்கில் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பலருடைய சீட்டிலும் "அன்நோன் பைட்" என்றுதான் இருக்கும். அப்பாயியின் காணாக்கடிதான் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியிருக்கிறது. தனியார் மருத்துவமனையானாலும் பெயரைப் போட்டு எழுதியே ஆக வேண்டும். செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த ஆயாம்மா ஞாபகம் வந்தது.

சித்தப்பா இப்போது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். கட்டிலில்தான் படுப்பார். கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகினால்தான் தூக்கம் வரும். கொசுவுக்கு என்று வெளியில் சொல்லிக்கொள்வார். போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி ஒன்பது மணி இருக்கும், தேங்காய் மட்டைக் குவியல் பக்கம் போன பேத்தி "தாத்தா, பாம்பு!" என்று கத்தினாள். "ச்சீ, வெளக்கு வச்ச நேரத்துல பேரைச் சொல்லாதடி" என்று உள்ளிருந்து சித்தி.

சித்தப்பா வலையை விலக்கிக்கொண்டு வரவில்லை. உள்ளேயே எழுந்து உட்கார்ந்து என்னைக் கேட்டார். "தம்பி, கிட்ட போகாம டார்ச்ச அடி. கட்டு கழுத்துலேருந்தே ஆரம்பிக்குதா, தள்ளி ஆரம்பிக்குதா?"

அடித்துப் பார்த்தேன். கழுத்திலிருந்தே பட்டை பட்டையாகத் தெளிவாக இருந்தது, வால் பக்கம் போகப் போக மங்கிவிட்டது. கட்டுவிரியனாக இருந்தால் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும், கழுத்துப் பக்கம் மங்கல், வால் பக்கம் பளிச். இது வெள்ளிக்கோல் வரையன், பல்லி தின்ன வந்தது. விஷம் இல்லாதது. சொன்னேன். "எதுக்கும் கை வைக்காத, டார்ச்ச அணைக்காத" என்றார். அது மட்டைக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் வேலி வழியாகப் போய்விட்டது.

அன்று ராத்திரி முழுக்கத் தாழ்வார விளக்கு எரிந்தது. சித்தி பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க கொல்லையில பூச்சி ஒண்ணு வந்துச்சுடி. இல்ல இல்ல, நல்ல பூச்சி இல்ல. வெசம் இல்லாத பூச்சியாம், தம்பி சொல்லுது."